சூரியனுக்கும் லென்சுக்கும் நடுவே ஒரு பறவை

தாழ்ந்த சூரியனைப் பின்னால் வைத்துப் பறவையைக் கறுப்பு உருவமாக எடுப்பதில் எக்ஸ்போஷர், அதாவது படத்துக்கு எவ்வளவு வெளிச்சம் விடுவது என்பதுதான், பெரிய சவால் என்று பலர் நினைக்கிறார்கள். அது இரண்டு நிமிட வேலை. கஷ்டமெல்லாம் வேறு இடத்தில் இருக்கிறது: எவ்வளவு தூரத்தில் நிற்பது, எந்தப் பறவைக்காகக் காத்திருப்பது, எந்தக் கணத்தில் ஷட்டரை அழுத்துவது. நிழலுருவப் படத்தில் நிறம் கிடையாது, இறகின் நுணுக்கம் கிடையாது, கண்ணில் மின்னும் புள்ளி கிடையாது. மிஞ்சுவது வெளிக்கோடு ஒன்றுதான். அந்தக் கோடு சொதப்பினால் எவ்வளவு அழகான வானம் இருந்தும் பயனில்லை.

ஒரு சின்னக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். சூரியனின் விட்டத்தைப் போல ஏறக்குறைய 108 மடங்கு தூரத்தில் நாம் இருக்கிறோம். கோயில் பிரதட்சணத்திலும் ஆம்புலன்ஸ் அழைப்பிலும் ஏற்கெனவே பழகிய எண் என்பதால் மறக்காது. லென்சின் குவிய தூரத்தை 108 ஆல் வகுத்தால் சென்சார் மேல் விழும் சூரியனின் விட்டம் கிடைத்துவிடும். 300 மி.மீ. லென்சில் 2.8 மி.மீ., 500 மி.மீ. லென்சில் 4.6 மி.மீ., 600-ல் 5.6 மி.மீ. ஃபுல் ஃபிரேம் சென்சாரின் உயரம் 24 மி.மீ. என்பதோடு ஒப்பிட்டால், 300 மி.மீ. லென்சில் எடுத்த படத்தில் சூரியன் ஏன் மிளகு மாதிரி கிடக்கிறது என்பது புரியும். அதைவிடச் சின்னதான கிராப் சென்சாரின் உயரம் சுமார் 15.6 மி.மீ.தான், அதே 500 மி.மீ. லென்சில் சூரியன் ஃபிரேம் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக வரும். பறவையும் சூரியனும் பக்கத்தில் கொஞ்சம் வானமும் என்று படம் அமைக்க இது கச்சிதமான அளவு. இந்த வேலைக்குக் கிராப் கேமரா ஒரு குறையே இல்லை. பெரிய ஜூம் உள்ள பிரிட்ஜ் கேமராக்களில் பிரச்சினை தலைகீழ். நிகான் பி1000-ஐ அதன் கடைசி 3000 மி.மீ. (ஃபுல் ஃபிரேம் கணக்கில்) வரை இழுத்தால் சூரியன் ஃபிரேமுக்குள்ளேயே அடங்காது. 2000-க்கு இறக்கினால்தான் சுற்றிலும் இடம் கிடைக்கும்.

இதே 108 பறவைக்கும் செல்லும். பறவையின் அளவை 108 ஆல் பெருக்கினால், எத்தனை மீட்டர் தள்ளி இருந்தால் அது சூரிய வட்டத்துக்குள் விளிம்புக்கு விளிம்பு நிறையும் என்பது வந்துவிடும். சங்குவளை நாரையின் இறக்கை விரிப்பு ஒன்றரை மீட்டருக்குச் சற்று அதிகம். ஆகவே சுமார் 165 மீட்டர். கூழைக்கடாவுக்கு இரண்டேகால் மீட்டர் என்று வைத்தால் 240, 250 மீட்டர். உண்ணிக்கொக்குக்கு 100 மீட்டர் போதும். தண்ணீரில் நிற்கும் பூநாரை ஒன்றேகால் மீட்டர் உயரம் என்றால் 135 மீட்டர். மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பஞ்சுருட்டான், வாலில் நீளும் கம்பி போன்ற இறகையும் சேர்த்து ஒரு சாண் நீளம். 25 மீட்டரில் வட்டத்தை நிறைத்துவிடும். வட்டத்தில் பாதியளவுதான் பறவை வர வேண்டும் என்றால் தூரத்தை இரட்டிப்பாக்குங்கள். என் கண்ணுக்குப் பாதி அளவுதான் அழகு. முழு அளவில் வைத்தால் இறக்கை நுனி வட்டத்துக்கு வெளியே போய் வானத்தின் இருட்டில் கரைந்துவிடும்.

இந்தக் கணக்கில் ஒரு விசித்திரம் உண்டு. பறவைப் படம் எடுத்துப் பழகியவர்களுக்குக் கால் தானாக முன்னால்தான் போகும். இங்கே பின்னால் போக வேண்டும். 40 மீட்டரில் நிற்கும் நாரைக்குப் பின்னால் சூரியன் வந்தால், வட்டத்தின் அகலம் நாரை இருக்கும் இடத்தில் 37 சென்டிமீட்டர்தான். தலையும் அலகும் மட்டும் அதில் விழும். தலையை மட்டும் எடுப்பதும் நல்ல படம்தான். ஆனால் நினைத்தது அதுவாக இருக்க வேண்டும்.

பறக்கும் பறவை வட்டத்தைக் கடக்கும் நேரத்தையும் பார்த்துவிடலாம். 200 மீட்டர் தள்ளி வட்டத்தின் அகலம் 1.85 மீட்டர். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் கொக்கு நொடிக்கு 11 மீட்டர் போகிறது. ஆக, ஒரு நொடியில் ஆறில் ஒரு பங்கு. நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவுக்கு மூன்று வாய்ப்பு. 10 படம் எடுப்பதற்கு ஒன்று அல்லது இரண்டு. 5 படம் எடுக்கும் பழைய கேமராவுக்கு ஒன்று விழுந்தால் அதிர்ஷ்டம். பறவை வட்டத்தைத் தொட்டதும் அழுத்தலாம் என்று காத்திருந்தால் விரல் நகர்வதற்குள் அது தாண்டியிருக்கும். ஃபிரேமுக்குள் நுழைந்த உடனேயே அழுத்திப் பிடித்துவிட வேண்டும். பாதி அழுத்தும்போதே பதிவு செய்யத் தொடங்கும் ப்ரீ கேப்சர் வசதி உங்கள் கேமராவில் இருந்தால், அது மற்ற எங்கேயும்விட இங்கேதான் காசுக்கு வேலை செய்யும்.

உட்கார்ந்திருக்கும் பறவைக்கு வேறு கணக்கு. பனை உச்சியில் ஒரு செம்பருந்து இருக்கிறது. பனை 15 மீட்டர், உங்கள் கண் மட்டத்துக்கு மேலே 13.5 மீட்டர். சூரியன் அடிவானத்திலிருந்து 5 டிகிரி உயரத்தில் இருந்தால் நீங்கள் நிற்க வேண்டிய தூரம் 13.5 × 57 ÷ 5 (57 என்பது டிகிரியைத் தூரமாக மாற்றும் நிலையான எண்), அதாவது சுமார் 154 மீட்டர். சூரியன் 3 டிகிரிக்கு இறங்கினால் 257 மீட்டர். இந்த இரண்டு டிகிரி இறங்க எட்டு, ஒன்பது நிமிடம்தான் ஆகும். அதற்குள் நூறு மீட்டர் பின்வாங்க வேண்டும். நெல் வயலாக இருந்தால் வரப்பு எங்கே போகிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வ்யூஃபைண்டரைப் பார்த்தபடி பின்னால் நடந்து வாய்க்காலில் விழுவது இந்தத் துறையில் சகஜம். கூடவே, நம் ஊரில் சூரியன் அநேகமாகச் செங்குத்தாக இறங்கினாலும் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்துதான் போகும். அதனால் பின்வாங்கும்போது சிறிது இடப்பக்கமும் நகர வேண்டியிருக்கும்.

நேரக் கணக்குக்கு ஆப் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கையை முழுக்க நீட்டி முஷ்டி பிடித்தால் அதன் அகலம் ஏறக்குறைய 10 டிகிரி. தமிழ்நாட்டில் அது 40 முதல் 45 நிமிடம். சூரியன் தன் சொந்த விட்டத்தின் அளவுக்கு இறங்க இரண்டு, இரண்டரை நிமிடம். விளிம்பு அடிவானத்தைத் தொட்டதிலிருந்து முழுக்க மறைவது வரை உங்களிடம் இருப்பது அவ்வளவுதான். ஐரோப்பாக்காரர்கள் எழுதும் பாடங்களில் வரும் நீண்ட பொன்னிற மாலை நமக்குக் கிடையாது. அங்கே சூரியன் சரிவாக இறங்குகிறது. இங்கே தொப்பென்று விழுகிறது.

இனிக் கண். தாழ்ந்த சூரியன் சாதுவாகத் தெரியும். ஆனால் டி.எஸ்.எல்.ஆர். கேமராவின் கண்ணாடி வ்யூஃபைண்டர் வழியாக, 500 மி.மீ. லென்ஸ் குவிக்கும் சூரியனைப் பார்ப்பது ஒருபோதும் கூடாது. விழித்திரையில் வலி தெரிவிக்கும் நரம்பு இல்லை. சேதம் நடந்து முடிந்த பிறகுதான் பார்வையில் ஒரு கறை தெரியும். டி.எஸ்.எல்.ஆரில் லைவ் வ்யூ போட்டுத் திரையில் பாருங்கள். மிர்ரர்லெஸ் கேமராவில் கண்ணுக்கு ஆபத்தில்லை, ஆனால் சென்சாரும் ஷட்டர் திரையும் அப்பர்ச்சர் தகடுகளும் சூடாகும். நடைமுறை விதி எளிது: கண்ணைச் சுருக்காமல் வெறும் கண்ணால் ஒரு கணம்கூடப் பார்க்க முடியாத சூரியன் என்றால் டெலிபோட்டோவை அதன் பக்கம் திருப்ப வேண்டாம். திருப்பினாலும் படத்துக்குப் படம் இடையில் லென்சை நகர்த்தி வையுங்கள், அல்லது மூடி போடுங்கள். டிரைபாடில் சூரியனை நோக்கியபடி கேமராவை விட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறவர்கள் உண்டு. திரும்பி வந்து செலவுக் கணக்குப் பார்ப்பார்கள். இன்னொன்று, படம் எடுக்கத் தகுதியான சூரியனும் இதே சோதனையில்தான் தேறும். வெறும் கண்ணுக்குக் கூசும் சூரியன் படத்தில் எப்படியும் வெறும் வெள்ளை ஓட்டையாகத்தான் விழப்போகிறது.

உண்மையில் சூரிய வட்டத்தை ஃபிரேமுக்குள் வைத்தே தீர வேண்டும் என்ற பிடிவாதம் தேவையில்லை. சூரியனுக்கு இரண்டு மூன்று டிகிரி பக்கத்தில், ஃபிரேமுக்குச் சற்று வெளியே அது இருக்கும்படி அமைத்தால், வானம் செம்பொன்னாக இருக்கும், கறுப்பு சுத்தமாக இருக்கும், லென்சுக்குள் ஒளி சிதறுவதும் பாதியாகக் குறையும். ஃபோகஸும் நன்றாகப் பிடிக்கும். இணையத்தில் பாராட்டு வாங்குவது வட்டத்துக்குள் பறவை. சுவரில் மாட்டத் தோன்றுவது பெரும்பாலும் இந்த வகை.

எக்ஸ்போஷருக்கு மேனுவல் மோடு. ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரைச் சூரியன் மேல் வைக்கக் கூடாது, பறவை மேலும் வைக்கக் கூடாது. சூரியனுக்கு இரண்டு மூன்று விட்டம் தள்ளியுள்ள வானத்தில் வைத்து அளந்து, அந்த அளவை அப்படியே பூட்டிவிடுங்கள். ஆரம்பிக்க ஒரு உத்தேசம் (ஒளியுணர்வு, லென்ஸ் திறப்பு, ஷட்டர் நேரம் என்ற வரிசையில்): சிவந்த வட்டம் ஃபிரேமுக்குள் இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, 1/2000. வட்டம் வெளியே, பக்கத்து வானம் மட்டும் என்றால் ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 8, 1/1000. மறைந்து பத்து நிமிடம் கழித்து ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 5.6, 1/500. அன்றன்றைய தூசியையும் மேகத்தையும் பொறுத்து இவற்றிலிருந்து ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) நகர வேண்டியிருக்கும். ஆட்டோவில் விட்டால் என்ன ஆகும்? பறவை கொஞ்சம் பெரிதாக ஃபிரேமில் வந்ததும் கேமரா அந்தக் கறுப்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். வானம் வெளுத்து, பறவை அழுக்குச் சாம்பலாகும். பத்துக் கொக்கு கடந்து போனால் பத்து விதமான வானம் கிடைக்கும்.

கேமரா கம்பெனிகள் நிழல் பகுதியைத் தூக்கிக் காட்டும் ஒரு வசதியை ஆளுக்கொரு பெயரில் வைத்திருக்கின்றன: நிகானில் ஆக்டிவ் டி லைட்டிங், கேனானில் ஆட்டோ லைட்டிங் ஆப்டிமைசர், சோனியில் டி.ஆர்.ஓ. மூன்றையும் அணைத்துவிடுங்கள். செல்போனில் எச்.டி.ஆர். இதே வேலையைச் செய்யும். திரையில் வானத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சின்னச் சூரியப் படத்தைக் கீழே இழுத்தால் போதும், செல்போனிலும் நல்ல நிழலுரு கிடைக்கும். தூரத்துப் பறவைக்குத்தான் அது உதவாது.

ஹிஸ்டோகிராமில், அதாவது படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடத்தில், ஒரு பொறி இருக்கிறது. சாதாரண வெள்ளை ஹிஸ்டோகிராம் மூன்று நிறத்தையும் கலந்து காட்டும். எல்லாம் பத்திரமாக இருப்பது போலத் தெரியும். ஆனால் அந்திவானத்தில் சிவப்புதான் மற்ற இரண்டுக்கும் முன்னால் நிரம்புகிறது. சிவப்பு உச்சியில் முட்டி நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போனால், ஆரஞ்சாக இருக்க வேண்டிய இடம் மஞ்சளாகிறது. 'நேரில் செக்கச் செவேலென்று இருந்ததே, படத்தில் எலுமிச்சை நிறத்தில் இருக்கிறதே' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். ஆர்.ஜி.பி. ஹிஸ்டோகிராமைப் போட்டு, சிவப்பு வலது ஓரத்தைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் நடுப்பகுதி முட்டினால் விட்டுவிடலாம். சுற்றியுள்ள வானம் முட்டக் கூடாது. நிறச் சமநிலையான வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தச் சிவப்பையே குறையாக நினைத்து நீலம் கலந்து 'திருத்தி'விடும். 5500 கெல்வினில் நிறுத்துங்கள். இன்னும் கனிந்த நிறம் வேண்டுமென்றால் 6500. அதற்கு மேலே போனால் எல்லா வானமும் ஒரே மாம்பழ ஜூஸாகிவிடும். ராவில் (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பில்) எடுக்கிறோமே, பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மாற்றலாம். ஆனால் களத்தில் நீங்கள் பார்க்கும் ஹிஸ்டோகிராம் அந்த வொயிட் பேலன்ஸை வைத்துத்தான் வரையப்படுகிறது.

ஃபோகஸ் விஷயத்தில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் உண்டு. கறுப்புப் பறவைக்கும் பிரகாசமான வானத்துக்கும் நடுவிலுள்ள விளிம்பை விட ஆட்டோஃபோகஸுக்குப் பிடித்தது வேறில்லை. ஆனால் பறவையின் கண்ணைத் தேடும் புதிய கேமராக்கள் கண்ணே தெரியாத கறுப்பு உருவத்தில் தடுமாறும். சூரியன் ஃபிரேமுக்குள் வந்துவிட்டால் ஒளிச்சிதறலில் விளிம்பே மங்கிப்போய் லென்ஸ் முன்னும் பின்னும் அலையும். கண் தேடலை அணைத்து, சின்ன ஃபோகஸ் மண்டலத்தை வைத்து, பறவையின் உடலும் வானமும் சேரும் ஓரத்தில் பிடியுங்கள். ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்துப் பின்பக்கப் பட்டனுக்கு மாற்றியிருந்தால் இன்னும் வசதி: அதே தூரத்தில் வரும் முதல் கொக்கின் மேல் பிடித்து விரலை எடுத்துவிட வேண்டும், அடுத்த கொக்கு வட்டத்துக்குள் வரும்போது கேமரா எதையும் தேடாது. இதற்கு எவ்வளவு இடைவெளி தாங்கும்? ஃபுல் ஃபிரேமில் 500 மி.மீ., எஃப் 8 என்றால் 200 மீட்டரில் பிடித்த ஃபோகஸ் சுமார் 170-லிருந்து 245 மீட்டர் வரை ஏற்கத்தக்க கூர்மையைத் தரும். பறவை வரிசைக்கு அது தாராளம். பறவை, சூரிய விளிம்பு இரண்டும் ஒருசேரக் கூர்மையாக வேண்டுமென்றால் பறவை அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். அதற்குக் கிட்டத்தில் என்றால் பறவையைத்தான் பிடிக்க வேண்டும். சூரிய விளிம்பு மெத்தென்று இருப்பதை யாரும் குறை சொல்வதில்லை. இரண்டும் கூர்மையாக வேண்டும் என்று எஃப் 16-க்குப் போனால் வேறொரு தொல்லை வரும்: சென்சார் மேல் ஒட்டிய ஒவ்வொரு தூசியும் அந்தச் சமமான வானத்தில் சாம்பல் புள்ளியாக உட்காரும்.

இப்போது கோடு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

பறக்கும்போது கழுத்தை என்ன செய்கிறது என்பதை வைத்தே நீர்ப்பறவைகளைத் தூரத்தில் பிரிக்கலாம். கொக்கும் சாம்பல் நாரையும் கழுத்தை மடித்துக்கொண்டு பறக்கும். சங்குவளை நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் நீட்டிக்கொண்டு பறக்கும். கூழைக்கடா மடித்துக்கொள்ளும், அதன் அலகு மார்பின் மேல் படுத்துக் கிடக்கும். பூநாரை முன்னால் கழுத்தும் பின்னால் காலும் நேர்கோடாக நீண்டு, நடுவில் இறக்கை ஒட்டியது போலப் பறக்கும். நிழலுருவுக்கு நீட்டுகிறவையே நல்ல பாத்திரங்கள். நத்தைகுத்தியைப் பக்கவாட்டில் பிடித்தால் அலகின் இரண்டு பாதிக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில் வானம் தெரியும். மெல்லிய ஒளிக்கீற்று. அது தெரிந்தால் பெயர் எழுதாமலே பறவை இன்னதென்று தெரியும், தெரியாவிட்டால் அது ஏதோ ஒரு நாரை. கரண்டிவாயன் நேர் எதிர். பக்கவாட்டில் அதன் அலகு மெல்லிய குச்சி. தலையைக் கொஞ்சம் நம் பக்கமாகவோ கீழாகவோ திருப்பினால்தான் கரண்டி தெரியும்.

இறக்கை நடுமட்டத்தில் இருக்கும் கணம் வீண். பறவை ஒரு கோடாகிவிடும். முழுக்க மேலே, அல்லது முழுக்கக் கீழே. ஷட்டர் வேகம் வழக்கமான பறவைப் படத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வேண்டும், ஏனென்றால் இங்கே கலங்கலை மறைக்க உடலின் விவரம் எதுவும் இல்லை. நாரைக்கு 1/1000 போதும். பஞ்சுருட்டானும் பனை உழவாரனும் 1/3200 கேட்கும்.

கூட்டமாகப் பறந்தால் ஒன்றன் மேல் ஒன்று விழாமல் இருப்பதுதான் படம். இரண்டு நாரை ஒட்டிக்கொண்டால் நான்கு இறக்கையும் இரண்டு தலையும் உள்ள ஒரு பூதம். தண்ணீரில் நிற்கும் பூநாரைக் கூட்டத்தில் இது இன்னும் மோசம். நூறு பறவை சேர்ந்து ஒரு புதராகிவிடும். கூட்டத்தின் ஓரத்தில் தனித்து மேயும் மூன்று நான்கை எடுங்கள். நிற்கும் பறவையின் கால், பின்னாலுள்ள கரையின் கறுப்புப் பட்டைக்குள் புதைந்துவிடாமல் பார்க்க வேண்டும். கேமராவைத் தரை மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பறவை வானத்தில் உயரும். ஆனால் கரையும் சற்று எழும். எந்த உயரத்தில் பறவையின் வயிறு கரைக்கு மேலே தப்பிக்கிறது என்று முட்டி போட்டு, உட்கார்ந்து, நின்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீரில் சூரியப் பாதை பளபளக்கும் இடத்துக்குள் பறவை நடந்து வரும்வரை காத்திருந்தால் கரைப் பிரச்சினையே வராது, அப்போது சற்று உயரமான இடம்தான் நல்லது.

எல்லாப் பறவையும் முழுக் கறுப்பாகாது என்பதையும் கவனிக்க வேண்டும். கிட்டத்தில் பறக்கும் வெள்ளைக் கொக்கின் இறக்கைக்குப் பின்னால் சூரியன் இருந்தால் இறகின் வழியே ஒளி கசியும். தோளிலிருந்து ஓடும் எலும்பும் சதையும் கறுப்பு. அதற்குப் பின்னால் இறகுகள் ஆரஞ்சு விளக்குத் திரை போல. ஒன்றன் மேல் ஒன்று படியும் இடங்களில் மட்டும் கறுப்புக் கோடுகள். அதைக் கறுப்பாக அமுக்குவது வீண்செயல். ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுத்து அந்தக் கசிவையே எடுங்கள். பாம்புத்தாரா பட்ட மரக்கிளையில் இறக்கையை விரித்துக் காயப்போட்டிருக்கும்போதும் ஓரங்களில் இப்படி நடக்கும். நீர்க்காகமும் அண்டங்காக்கையும் மட்டும் எந்த வெளிச்சத்திலும் கறுப்பு.

இடத்துக்கு வருவோம். நீர்ப்பறவைகள் நிறைந்திருக்கும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவத்தின் பெரும்பகுதி சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். டிசம்பர் கடைசியில் சென்னை அட்சரேகையில் அது நேர்மேற்கிலிருந்து ஏறக்குறைய 24 டிகிரி தெற்கே தள்ளி மறைகிறது. ஜூனில் அதே அளவு வடக்கே. ஆகவே கோடையில் ஒரு குளத்தங்கரையைப் பார்த்து வைத்துவிட்டு, 'மேற்கே மறைகிறது' என்று நம்பி டிசம்பரில் போனால் சூரியன் நேர்மேற்கிலிருந்து இரண்டரை முஷ்டி இடது பக்கம் இருக்கும். பழவேற்காடு ஏரியின் ஆந்திரப் பகுதியில் சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போகும் சாலை ஏரியைக் கிழக்கு மேற்காகக் கிழித்துக்கொண்டு போகிறது. குளிர்கால மாலையில் அந்தச் சாலையின் தென்பக்கத் தண்ணீர்தான் நிழலுருவுக்கு, வடபக்கம் நிறப்படத்துக்கு. ஒரே இடத்தில் நின்று திரும்பிக்கொண்டால் இரண்டும் கிடைக்கும். சாலையின் கிழக்கு முனையில் விண்வெளி மையத்தின் பாதுகாப்பு எல்லை வருகிறது, அந்தப் பக்கம் நீண்ட லென்சை வெளியே எடுக்காமலிருப்பது உத்தமம்.

பள்ளிக்கரணை காலைக்கு உரிய இடம். வேளச்சேரி தாம்பரம் சாலை சதுப்பு நிலத்தின் மேற்கு விளிம்பில் ஓடுவதால் அங்கிருந்து பார்த்தால் சூரியன் நேர் எதிரே எழும். ஆனால் அடிவானத்தில் பழைய மகாபலிபுரம் சாலைக் கட்டடங்கள் நிற்பதால் சூரியன் சிவந்திருக்கும் முதல் சில நிமிடங்கள் அவற்றின் பின்னால் போய்விடும். அதனால் மங்கலான, புகை படிந்த காலைகளே அங்கே நல்லது. போகி அன்று காலை சென்னையில் சூரியன் செந்தட்டாக வெகுநேரம் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். படத்துக்கு அருமை, நுரையீரலுக்கு அல்ல. திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்தில் மாலை வேறு கதை. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை இருப்பதால் ஆப் காட்டும் அஸ்தமன நேரத்துக்குச் சுமார் பத்து நிமிடம் முன்பே சூரியன் மறைந்துவிடும், அதுவும் முழுக்கச் சிவக்காமலே. மலை விளிம்பு சூரியனைப் பாதி விழுங்கிய பிறகுதான் அங்கே வேலை தொடங்கும்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் வானம் கண்ணாடி மாதிரி இருக்கும். அழகுதான், ஆனால் சூரியன் அடிவானத்தைத் தொடும்வரை கூசும். ஜனவரி, பிப்ரவரி மாதங்களின் தூசியும் பனிமூட்டமும் நிறைந்த நாட்களில் மூன்று நான்கு டிகிரி உயரத்திலேயே வட்டம் அடங்கிவிடும். கால் மணி நேரம் கிடைக்கும். வெயில் காய்ந்த உப்பளத்தின் மேலோ தார்ச்சாலையின் மேலோ பார்த்து எடுத்தால் கானல் அலை பறவையின் விளிம்பைக் குதறிவிடும். விலையுயர்ந்த லென்ஸ் வைத்திருப்பவர்கள் இதைப் பார்த்துவிட்டு லென்சைச் சர்வீசுக்கு அனுப்புகிறார்கள். ஒரே மாதிரி பத்துப் படத்தை அடுத்தடுத்துப் பாருங்கள்: கோணல் ஒவ்வொன்றிலும் வேறு வேறாக இருந்தால் காற்று, ஒரே மாதிரி இருந்தால்தான் லென்ஸ். காலையில் தரை குளிர்ந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. தண்ணீரும் பெரும்பாலும் அசையாமல் கிடக்கும்.

லென்ஸ் முகப்பில் மாட்டிய யு.வி. ஃபில்டரைக் கழற்றுங்கள். சூரியனின் பேய் உருவம் பச்சைப் புள்ளியாக ஃபிரேமின் எதிர்மூலையில் விழுவதற்கு முதல் குற்றவாளி அதுதான். முகப்புக் கண்ணாடியில் விரல்ரேகை இருந்தால் கறுப்பு முழுதும் பால் கலந்தது போலாகிவிடும். 1.4 மடங்கு டெலிகன்வெர்ட்டரால் ஒரு ஸ்டாப் இழப்பது இங்கே பொருட்டே இல்லை, வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது. விவரமே தேவைப்படாத படம் என்பதால் மலிவான 70-300 லென்சிலும் முதல் தரமான நிழலுரு எடுக்கலாம். ஓரத்தில் கொஞ்சம் ஊதா நிறம் ஒட்டும், அவ்வளவே.

கூட்டமாகப் பறக்கும் காட்சி வேண்டும் என்று கை தட்டுவதும் கல் எறிவதும் ஹாரன் அடிப்பதும் இன்னும் நடக்கிறது. அடைய வரும் நேரத்தில் கிளப்பிவிட்ட பறவை இருட்டில் மறுபடி இடம் தேட வேண்டும். கூட்டிலிருந்து கிளம்பினால் குஞ்சை அடுத்த நிமிடமே காக்கை பார்த்துக்கொள்ளும். சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடிப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. காத்திருந்தாலே போதும், மாலையில் பறவைகள் தாமாக வந்துகொண்டேதான் இருக்கும்.

சூரியன் மறைந்ததும் மூட்டை கட்ட வேண்டாம். வட்டம் போன பிறகு இருபது நிமிடத்துக்கு வானம் கத்திரிப்பூ நிறத்துக்கு மாறிக்கொண்டே போகும். கொக்கு வரிசைகள் அடங்கும் அந்த நேரத்தில்தான் இராக்கொக்குகள் கிளம்பும். பழந்தின்னி வௌவால்களும் வரும். சின்னத் திரையில் பறவை என்று நினைத்துவிட்டு வீட்டில் வந்து ஏமாறுவதுண்டு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் எக்ஸ்போஷரை மாற்றுங்கள், பூட்டிய அளவு இப்போது செல்லாது.

கணினியில் வேலை குறைவாக இருந்தால் நல்லது. கறுப்பை ஆழமாக்கும் பிளாக்ஸ் ஸ்லைடரை உடலின் உள்விவரம் மறையும்வரை இறக்குங்கள். நிழல் பகுதியைத் தூக்கும் ஸ்லைடரைத் தொடவே வேண்டாம், தூக்கினால் இரைச்சல்தான் வெளியே வரும். கிளாரிட்டியும் ஷார்ப்பனிங்கும் எல்லை மீறினால் பறவையைச் சுற்றி வெள்ளை ஒளிவட்டம் கிளம்பும், 100 சதவீதத்தில் பார்த்துச் சரிசெய்யுங்கள். ஊதா ஓரத்துக்கு டிஃப்ரிஞ்ச். மூட்டத்தை நீக்கும் டீஹேஸை இழுத்தால் மெல்ல மெல்ல மாறும் வானம் படிப்படியாக உடைந்து பட்டை பட்டையாகத் தெரியும். எட்டு பிட் ஜேபெக் கோப்பில் இன்னும் சீக்கிரமே உடையும். ஆகவே எல்லாத் திருத்தத்தையும் ராவிலோ 16 பிட் கோப்பிலோ முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு தடவை மட்டும் ஜேபெக் ஆக்குங்கள். இதையெல்லாம் செய்து முடித்து வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கும் சுருக்கில் அதே பட்டைகள் திரும்ப வந்து நிற்கும். டாகுமெண்டாக அனுப்புங்கள்.